பெயர் சொல்லிக் கூப்பிடாத பரமேஸ் அக்கா

பரமேஸ் அக்கா போய்விட்டார். இன்று காலை, கூடலூர் ஆஸ்பத்திரியில்... மாரடைப்பாம்.

குன்னூர் ஸ்டாண்டில் டூரிஸ்ட் பார்ட்டிக்காகக் காத்திருந்தபோது அவர் மகள் போன் செய்தாள். பார்ட்டியை இன்னொரு வண்டியில் ஏற்றிவிட்டு தேவாலாவுக்குக் கிளம்பிவிட்டேன். பைக்காராவில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு இதை எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்கு... இலங்கையில் நடந்த இனப்படுகொலையில் சொந்தங்களைப் பறிகொடுத்து, உயிர் தப்பி இங்கே வந்து சேர்ந்த பெண்களுக்காக ஒரு தொண்டு நிறுவனம் தேவாலாவில் வேலை செய்தது. அக்கா அதில் ஃபீல்டு ஸ்டாஃப், நான் ஜீப் டிரைவர்.

அக்காவும் தப்பி வந்தவர்தான். இரண்டு அண்ணன்களை அங்கே விட்டுவிட்டு வந்தவர். விட்டுவிட்டு என்று எழுதுகிறேன் பாருங்கள்... கொன்றுவிட்டார்கள்.

யாராவது "கலவரம்" என்றால் அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வரும். "கலவரம்னா ரெண்டு பக்கமும் அடிச்சிக்கிறது தம்பி. நாங்க யாரை அடிச்சோம்?"

வியாழக்கிழமை தோறும் அந்தப் பெண்கள் கூடுவார்கள். ஆபீஸில் அதற்கு கவுன்சலிங் என்று பெயர். அக்கா அந்த வார்த்தையைச் சொன்னதே இல்லை. வீடு வீடாகப் போய் வாசலில் நின்று, "தேத்தண்ணி போட்டிருக்கு, வாங்க" என்பார். அவ்வளவுதான்.

"ஏனுங்கக்கா, இங்கிருந்தே பேரைச் சொல்லி ஒரு சத்தம் குடுத்தா வந்துருவாங்கல்ல? மழையில எதுக்குங்க நடக்கறீங்க?" என்று ஒருமுறை கேட்டேன்.

"அங்க தோட்டத்துல, நாங்க குடியிருந்த லயத்து வீடுங்களுக்கு முன்னால நின்னு பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டானுங்க தம்பி. வெளிய வந்தவங்க திரும்பி உள்ள போகல."

அதற்குப் பிறகு அந்தப் பக்கம் நான் ஹாரன்கூட அடித்ததில்லை.

அப்புறம் புது ஆபீசர் மேடம் வந்தார். வெளிநாட்டு டோனர்கள் வருகிறார்கள், கம்பளி கொடுக்கிற விழா. பந்தல், பேனர், மைக்... எல்லாம் தடபுடல்.

"மைக்ல பேரு கூப்பிட வேணாம் மேடம். நானே வீட்டுக்கு வீடு கொண்டுபோய்க் குடுத்திர்றேன்" என்று அக்கா கெஞ்சினார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"ஒவ்வொருத்தரா வந்து வாங்கற மாதிரி ஃபோட்டோ வேணும் பரமேஸ்வரி. புரிஞ்சுக்கோங்க."

முதல் பெயர் செல்லம்மா. மைக்கில் அந்தப் பெயர் கேட்டதும் செல்லம்மா அக்கா எழுந்து ஓடினார்... மேடைக்கு அல்ல, பின்னால் தேயிலைக்குள். செருப்பு இரண்டும் பந்தலிலேயே கிடந்தன.

பரமேஸ் அக்கா பின்னாலேயே ஓடினார். செடிகளுக்கு நடுவில், கொட்டுகிற மழையில், அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் குடையோடு போய் நின்றபோது மைக்கில், "நெக்ஸ்ட்..." என்று அடுத்த பெயர் கேட்டது.

அக்கா எழுந்து வந்தார். எல்லார் முன்னாலும் மைக் ஒயரைப் பிடுங்கி எறிந்தார். டிசிப்ளின் இல்லை என்று அடுத்த மாதமே வேலையைவிட்டுத் தூக்கிவிட்டார்கள்.

கொஞ்ச நாளில் ப்ராஜெக்டையும் மூடிவிட்டார்கள். பயனாளிகள் முழுமையாக மீண்டுவிட்டார்களாம்! செல்லம்மா அக்கா இன்றைக்கும் யார் கதவைத் தட்டினாலும் திறப்பதில்லை.

வியாழக்கிழமையை மட்டும் அக்கா விடவில்லை. எஸ்டேட்டில் கொழுந்து பறித்துவிட்டு வந்து, தன் வீட்டிலேயே அவர்களுக்குத் தேத்தண்ணி போட அடுப்பைப் பற்ற வைத்தார். போன வாரம்வரை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அதே மேடத்திடமிருந்து போன். ஊட்டியில் இரங்கல் கூட்டம் வைக்கிறார்களாம். "அவங்க எங்க ஃபேமிலி மாதிரி ரவி. அந்த லேடீஸை உங்க வண்டியில கூட்டிட்டு வந்துருங்க, ஒவ்வொருத்தரா மேடைக்குக் கூப்பிட்டுப் பேச வைக்கலாம்."

வேலையில் இருந்தபோது டிசிப்ளின் இல்லாதவர். செத்ததும் ஃபேமிலி. த்தூ...

"வண்டி வராதுங்க மேடம்" என்று கட் செய்துவிட்டேன்.

அக்கா... உங்கள் மகள் திரும்பவும் பேசினாள். மற்ற பெண்கள் எல்லாரும் வந்துவிட்டார்களாம். செல்லம்மா அக்காவுக்கு மட்டும் இன்னும் தெரியாதாம். அந்த வாசலுக்குப் போய்ச் சொல்ல எல்லாரும் பயப்படுகிறார்கள். இப்படிப்பட்ட சேதியைச் சொல்லப் போகிற ஆள் நீங்கள்தானே...

அந்த வாசலுக்கு நான் போய்ச் சொல்கிறேன். நீங்கள் போங்கள் அக்கா.