கண்ணுக்கென்று போட்ட மாத்திரை

நெதர்லாந்தில் பூக்களைப் பெட்டிகளில் அடுக்கி அனுப்பும் கிடங்கு ஒன்றில் வேலைக்குச் சேர்ந்த அன்று, எதிர் மேசைக்காரி கை குலுக்கிவிட்டுத் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டாள். "நான் அன்னெக்கே. எனக்கு வலிப்பு உண்டு. காப்பிக்குப் பால் வேண்டாம்." மூன்றும் ஒரே மூச்சில், ஒரே குரலில். எனக்குப் பால் விஷயம் மட்டும்தான் புரிந்ததுபோல் தலையாட்டி வைத்தேன். நடுவில் அவள் சொன்னதை நாகர்கோவில் பக்கம் எங்கள் பூதப்பாண்டி ஊர் வீட்டில் சொல்வதென்றால் முதலில் வாசல் கதவைச் சாத்துவோம். பிறகு பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்திருக்கிறதா என்று பார்ப்போம். அதற்குப் பிறகும் சொல்லமாட்டோம்.

என் தங்கை பகவதி ஒன்பதாம் வகுப்பில், பள்ளிக்கூடப் பிரார்த்தனை வரிசையிலேயே கை கால் வெட்டி இழுத்து விழுந்தாள். வெயில் மயக்கம் என்றாள் அம்மா. அடுத்தமுறை கோயிலில் விழுந்தபோது விரத மயக்கம். நாகர்கோவிலில் நரம்பு மருத்துவரிடம் மாதாமாதம் போகவேண்டி வந்ததும் மயக்கங்கள் போதவில்லை. அம்மா என்னைத் தனியே கூப்பிட்டு, "மக்கா, ஆரு கேட்டாலும் கண்ணுக்குக் காட்டப் போனோம்னு சொல்லணும், கேட்டியா" என்றாள். சொன்ன பொய்க்கு ஒரு சாட்சி வேண்டுமே. ஆகவே பார்வையில் ஒரு குறையும் இல்லாத பகவதி ஆறேழு வருடம் வெறும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரிந்தாள். கல்யாணப் பேச்சு வந்தபோது மாப்பிள்ளை வீட்டாருக்கு உறுத்தியது அந்தக் கண்ணாடிதான். பெண்ணுக்குப் பார்வை மட்டாமே என்று இழுத்தார்கள். அம்மா அவள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, சுவரில் தொங்கிய நாட்காட்டியைத் தூரத்திலிருந்து படிக்கச் சொன்னாள். தங்கை எமகண்டம் வரைக்கும் பிழையில்லாமல் வாசித்தாள். கல்யாணம் முடிந்தது. மாத்திரை மட்டும் "கண்ணுக்கு" என்ற பெயரில் அவளோடு புகுந்த வீட்டுக்குப் போயிற்று.

இங்கே மூன்றாவது வாரம், மதியச் சாப்பாட்டு அறையில் அன்னெக்கே நாற்காலியிலிருந்து சரிந்தாள். எனக்கு ஊர்ப் புத்திதான் முந்தியது. பாய்ந்துபோய் என் வீட்டுச் சாவியை அவள் உள்ளங்கையில் திணித்து, துடிக்கிற கைகளை அமுக்கிப் பிடித்தேன். மேற்பார்வையாளர் பீட்டர் என் கைகளை மெதுவாக விலக்கினார். கிட்டே கிடந்த நாற்காலிகளை அப்புறம் தள்ளி, தன் கோட்டை மடித்து அவள் தலைக்குக் கீழே வைத்தார். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்போல உட்கார்ந்துவிட்டார். இரண்டு நிமிடத்தில் துடிப்பு நின்றது. அவளை ஒருக்களித்துப் படுக்க வைத்தார். நினைவு திரும்பி, வெகுநேரம் படுத்திருந்து எழுந்தபின் அவள் சாவியைக் கண்டாள்.

"இது உன் வீட்டுச் சாவியா?"

ஆமாம் என்றேன்.

"நாம் பழகி மூன்று வாரம்தானே ஆகிறது."

அறையே சிரித்தது. இந்த ஊரில் ஒரு பெண்ணிடம் வீட்டுச் சாவியைக் கொடுத்தால், வந்து என்னோடு குடியிரு என்று அர்த்தமாம். என் அரைகுறை டச்சு மொழியில், இரும்பைக் கொடுத்தால் வலிப்பு நிற்கும் என்று விளக்கினேன். அவள் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இது பித்தளை" என்றாள். பிறகு பொறுமையாகச் சொன்னாள். மூளைக்குள் மின்சாரம் கொஞ்ச நேரம் தாறுமாறாக ஓடுகிறது, பெரும்பாலும் தானாகவே அடங்கிவிடும். கையில் எதுவும் வேண்டாம், வாயில் எதுவும் கூடவே கூடாது, பிடித்து அமுக்கவும் கூடாது. ஐந்து நிமிடம் தாண்டினால் மட்டும் ஆம்புலன்ஸைக் கூப்பிடு. எத்தனையோ வருடமாகத் தானாக நின்ற வலிப்புகளுக்கெல்லாம் எங்கள் ஊர்ச் சாவிகள் பேர் வாங்கிக்கொண்டிருந்தது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பகவதியிடம் போனில் இதைச் சொன்னேன். சாவிக் கதைக்குச் சிரித்தவள் சட்டென்று நிறுத்தினாள். "வேல பாக்க எடத்துல எல்லாருக்க முன்னயுமா சொன்னா?" என்று கேட்டாள். காப்பியோடு சேர்த்துச் சொன்னாள் என்றேன். அவளுடைய இடது முன்கையில் ஒரு தழும்பு உண்டு. கல்யாணமான முதல் பொங்கலுக்கு வீடு நிறைய விருந்தாளிகள் இருந்ததால் இரண்டு நாள் மாத்திரையை எடுக்காமல் இருந்து, அடுப்படியில் விழுந்து, கொதிக்கிற கஞ்சி கொட்டிய தழும்பு. கால் வழுக்கியது என்று சொல்லியிருந்தாள்.

நான்கு நாள் கழித்து அவளே அழைத்தாள். கணவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாளாம். அவர் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "ஏட்டி, கஞ்சி கொட்டுன அன்னைக்கே மாத்திர அட்டைய வாசிச்சிட்டேன். அதுக்குப் பொறவு ஒரு நாளாவது நான் தண்ணி எடுத்துத் தராம இருந்தேனா?" என்றாராம். உண்மைதான். பத்து வருடமாக, கண்ணு மாத்திரை போட்டாயா என்று ராத்திரி சாப்பாடு முடிந்ததும் கேட்பவர் அவர்தான். பகவதி அழுதிருப்பாள் என்று நினைத்தேன். அவளோ கொதித்துக்கொண்டிருந்தாள். "பத்து வருசமா என்கிட்ட மறச்சிருக்காரு அண்ணே. எவ்வளவு கள்ளத்தனம், பாத்தியா?" அதன்பின் இரண்டு நாள் அவரோடு பேசவில்லையாம். மூன்றாம் நாள் அவளே பேசினாள். மாத்திரை இப்போது சாப்பாட்டு மேசையிலேயே, உப்புக்குப் பக்கத்தில் இருக்கிறதாம்.

போன தை மாதம் ஊருக்குப் போனேன். விமானம் இறங்கிய மறுநாள், நாகர்கோவில் வடசேரி பஸ் நிலையத்தில் ஒரு நடுவயதுக்காரர் வலிப்பு வந்து விழுந்தார். கூட்டம் கூடியது. ஒருவர் சோடாவை உடைத்து அவர் வாயில் ஊற்றப் போனார். வேண்டாம் என்று தடுத்து, என் பையைத் தலைக்குக் கொடுத்து, கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தேன். துடிப்பு அடங்கியதும் அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். ஒன்றரை நிமிடம்தான், சரியாகிவிடுவார் என்றேன். சோடாக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்து, எந்த ஊர் என்று கேட்டார்.

"பூதப்பாண்டி."

"அது செரி. சொந்த ஊரு எதுன்னு கேட்டேன்."

பதில் சொல்ல வாயெடுத்து, மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தேன். ஊரில் மணி பதினொன்று. மாற்றி வைக்க மறந்த என் கடிகாரத்தில் ஆறரை. கீழே கிடந்தவர் மெல்லக் கண் திறந்து, இது எந்த இடம் என்று என்னிடம் கேட்டார்.