பாய்லருக்குப் போட்ட புளி

எங்கள் கொல்லையில் ஒரு செம்பு பாய்லர் இருந்தது. நடுவில் நெருப்பு எரியும் குழாய், அதைச் சுற்றித் தண்ணீர். மேலே புனலில் ஒரு குடம் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் பக்கத்துக் குழாய் வழியாக ஒரு குடம் வெந்நீர் வந்து விழும். வெகுநாள் சும்மா கிடந்ததை அக்காவுக்கு மூட்டுவாதம் வந்த பிறகுதான் மறுபடி மூட்டினோம். வீட்டில் நாங்கள் இருவர் மட்டும்தான்.

காலையில் அவள் விரல்கள் மடங்கி இறுகிக் கிடக்கும். வெந்நீரில் கையை வைத்து, ஆற ஆறச் சூடாக ஊற்றிக்கொண்டே இருந்தால் மெல்லப் பிரியும். பிரிந்தால் அன்றைக்குத் தன் கையால் சாப்பிடுவாள். பிரியாவிட்டால் ஊட்ட வேண்டும். ஊட்டினால் இரண்டு வாய்க்கு மேல் வாங்காமல் சுவர்ப்பக்கம் திரும்பிவிடுவாள்.

மின்சார ஹீட்டர் எங்கள் தண்ணீருக்குத் தாங்கவில்லை. எங்கள் பக்கம் போர்வெல்லில் வருவது உப்புத் தண்ணீர். சுருள் வெள்ளையாகப் பூத்துப் பொசுங்கிவிட்டது. கேஸ் அடுப்பில் அடுத்த சட்டி காய்வதற்குள் முதல் சட்டி ஆறிவிடும்.

பாய்லரும் லேசில் சூடாகாது. மழைக்காலத்தில் தேங்காய் மட்டை புகைந்துகொண்டே கிடக்கும். நான் ஜவுளிக்கடை வேலைக்கு பஸ் பிடிக்க வேண்டும். பல நாள் அவளை மடங்கிய கையோடு விட்டுவிட்டுத்தான் போனேன். மத்தியானம் கடையில் டிபன் டப்பாவைத் திறந்தால் எனக்கும் சோறு இறங்காது.

யாரிடமும் போய்க் கேட்கும் பழக்கம் எனக்கில்லை. நானே பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். மட்டையை முந்தின நாளே அடுப்படியில் உலர்த்தினேன். குழாய்க்குள் தடித்திருந்த கரியைச் சுரண்டினேன். சாம்பலைத் தினமும் அள்ளினேன். நெருப்பு பிடித்ததும் கீழ்க்கதவைப் பாதி சாத்தினால் சூடு மேலே ஓடிவிடாமல் நின்றது. வெளியே கோணிச்சாக்கைச் சுற்றிக் கட்டினேன்.

"பாய்லருக்கு ஸ்வெட்டரா? நல்லாருக்குடி!" என்றாள் அக்கா. "மனுசங்ககிட்ட வாயே தொறக்க மாட்ட. அதுகிட்ட மட்டும் குனிஞ்சு குனிஞ்சு என்னடி பேசுற?"

"சீக்கிரம் சுடுன்னு சொல்றேங்க்கா."

"கேக்குதா?"

"ஒன்னய மாதிரிதான். கோவிச்சுக்கிட்டு லேட்டா கேக்குது."

அவள் சிரித்தாள். அப்படிச் சிரித்து நாளாகியிருந்தது. எனக்கும் நம்பிக்கை வந்துவிட்டது.

புனல் வழியாக டார்ச் அடித்துப் பார்த்தேன். உட்சுவரெல்லாம் உப்பு காறையாகப் படிந்திருந்தது. செம்போ பித்தளையோ, எங்களுக்குத் தெரிந்தது புளிதான். கிறிஸ்துமஸ் வந்தால் மெழுகுவர்த்தி நிறுத்தும் பித்தளைத் தண்டுகளைப் புளி போட்டுத்தான் தேய்ப்போம். பழம்புளியைக் கரைத்து ஊற்றி, இளஞ்சூடாக்கி ஊறவிட்டேன். மறுநாள் அடியிலிருந்த மூடியைத் திறந்தபோது வெள்ளைச் சேறு கொட்டியது.

அதற்கப்புறம் நாலு மட்டையிலேயே தண்ணீர் கொதித்தது. அக்காவின் விரல்கள் பிரிந்தன. மத்திக் குழம்பை ஊற்றிப் பிசைந்து, தானே முள் எடுத்துத் தின்றாள்.

"முள்ளு எடுக்க ஒனக்கு இன்னும் தெரியலடி. ஒன்னய நம்பித் தின்னா தொண்டையிலதான் நிக்கும்."

அப்படிச் சில காலைகள்தான். ஒருநாள் எரிந்துகொண்டிருந்த நெருப்பு சுர்ரென்று அணைந்தது. சாம்பல் தண்ணீரில் மிதந்தது.

பாத்திரம் பற்றவைப்பவரிடம் ஆட்டோவில் கொண்டுபோனேன். அவர் தண்ணீர் ஊற்றிக் காட்டினார். நெருப்புக் குழாயின் உட்புறம் முழுக்க வியர்த்ததுபோல் துளிகள்.

"எதப் போட்டுங்க கழுவுனீங்க?"

"புளி."

"தகடு எப்பவோ அரிச்சுப்போச்சுங்க. அந்த உப்புதான் ஓட்டைய அடைச்சுக்கிட்டு இருந்திருக்கு. இதுல பத்த வச்சா பக்கத்துல கிழிஞ்சுக்கும். எடைக்குப் போட்டுடறீங்களா?"

தலையாட்டிவிட்டு வெறுங்கையோடு பஸ் ஏறினேன்.

"என்னடி சொன்னாரு?" என்றாள் அக்கா.

"நாந்தாங்க்கா கெடுத்துட்டேன்." முழுவதையும் சொன்னேன்.

அவள் என்னைத் திட்டியிருக்கலாம். "வுடு. அதுவும் எவ்வளவு நாளுதான் தாங்கும்" என்று மட்டும் சொன்னாள்.

புது பாய்லர் வாங்க வசதியில்லை. இப்போது கேஸில் ஒரு சட்டி வைக்கிறேன். விரல்கள் அசைவதில்லை. மீனை உதிர்த்து, தடவித் தடவி முள் பார்த்து ஊட்டுகிறேன். அப்படியும் ஒருநாள் ஒரு முள் மாட்டிக்கொண்டது. இருமி இருமிக் கண்ணில் நீர் வழிய, அதைத் துடைக்கக்கூட அவளுக்குக் கை வரவில்லை. அதோடு மீன் வாங்குவதை விட்டுவிட்டேன்.

காரைக்கால்மேட்டிலிருந்து வரும் மீன்காரம்மா மட்டும் வாசலில் நின்று, "மத்தி இருக்கு, வாங்கக்கா" என்று கூப்பிடுகிறார். அவர் போகும்வரை நாங்கள் இருவரும் சத்தம் காட்டாமல் உட்கார்ந்திருக்கிறோம்.