ராஜம்மா ஆன்ட்டி காதில் விழுந்த ‘செமாபோக்’

ராஜம்மா ஆன்ட்டி போய்விட்டார். இன்று காலை, மலாக்கா காஜா பெராங் வீட்டில், தூக்கத்திலேயே. மகன் சேகர் வாட்ஸ்அப்பில் இரண்டே வரி அனுப்பியிருந்தார்.

வயது தொண்ணூற்று நான்கு என்கிறார் சேகர். ஐ.சி. அடையாள அட்டையில் தொண்ணூற்றிரண்டு. ஆன்ட்டியிடம் கேட்டிருந்தால், “உனக்கு எதுக்கு?” என்றிருப்பார்.

எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு தீபாவளிச் சட்டை தைத்துக் கொடுத்தவர். அளவெடுக்கும்போதுகூட யாரையும் நம்பமாட்டார். “வயித்த உள்ள இழுக்காத. எனக்குத் தெரியும்.”

தின்பதற்கு நான் எதை வாங்கிப் போனாலும் விசாரணைதான்.

“எங்க வாங்குன?”

“புக்கிட் பாரு மார்க்கெட்ல, ஆன்ட்டி.”

“வித்தது தெரிஞ்ச ஆளா?”

“தெரியாது.”

“அப்ப நீ மொதல்ல தின்னு.”

தின்றேன். கால் மணி நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத்தான் ஒரு துண்டை எடுத்தார். நிருபராக நாற்பது வருடம் எத்தனையோ பேரைச் சந்தேகப்பட்டிருக்கிறேன். என்னை அப்படிப் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

காரணம் தெரியப் பல வருடம் ஆனது.

ஜப்பான்காரன் காலம். அரிசி கிடையாது. ஆன்ட்டிக்கு அப்போது பன்னிரண்டு வயது இருக்கலாம். தம்பி முத்துவுக்கு ஐந்து. மூன்று வேளையும் மரவள்ளி... அதுவும் கிடைத்தால்.

காட்டில் இடம் மாறி மாறி வாழ்ந்த ஓராங் அஸ்லி பூர்வகுடி மக்கள் சில நாள் ஊருக்குள் வருவார்கள். பிரம்பு, தேன், கிழங்கு கொடுத்து உப்பு வாங்கிப் போவார்கள். ஊர் அவர்களை அழைத்த பெயரை இங்கே எழுதப்போவதில்லை.

ஒரு மத்தியானம் அவர்களில் ஒரு பெண், சீவிய காடோங் கிழங்கைக் கூடையில் கொண்டுவந்தாள். காட்டுக் கிழங்கு. வீட்டில் பெரியவர்கள் இல்லை. இருந்த உப்பைக் கொடுத்து ஆன்ட்டி வாங்கிவிட்டார்.

போகும்போது அந்தப் பெண் கிழக்கே கையை நீட்டி ஏதோ சொல்லியிருக்கிறாள். ஆன்ட்டிக்குப் புரிந்தது ஒரே சொல். செமாபோக். கிழக்கே இருக்கும் ஊரின் பெயர். கூட்டம் அங்கே தங்கியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

அன்றைக்கே அவித்துச் சாப்பிட்டார்கள். எல்லோருக்கும் தலைசுற்றல், வாந்தி. மற்றவர்கள் பிழைத்தார்கள். மறுநாள் முத்து இறந்துபோனான்.

தெரு ஆண்கள் செமாபோக் முழுக்கத் தேடினார்கள். ஒருவரும் இல்லை. விஷத்தைக் கொடுத்துவிட்டு, பொய் விலாசமும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள்... தெரு அப்படித்தான் முடிவு செய்தது.

சில வாரம் கழித்து மறுபடியும் ஒரு கூட்டம் வந்தது. அதில் ஒரு பெண்ணைப் பிடித்து வைத்துக்கொண்டு, “இவதானா?” என்று ஆன்ட்டியைக் கேட்டிருக்கிறார்கள். தலையாட்டினார். அவளை அடித்து விரட்டினார்கள். அதன்பிறகு அவர்கள் யாரும் அந்தத் தெருப் பக்கம் வரவில்லை.

“அதே பொம்பளதானா, ஆன்ட்டி?”

“மொகம் சரியா தெரியல. கிழங்கு வாங்கினப்ப இருட்டிருச்சு.”

“மத்தியானம்னு சொன்னீங்களே.”

“நீ என்னா, போலீஸா?”

எனக்கும் சந்தேகம் பிடித்துக்கொண்டது. வேறு வேறு நாளில் அதே கதையைக் கேட்டேன். கூடை ஒருமுறை சாக்கானது. உப்பு ஒருமுறை கைலியானது. அந்தப் பெண் சொன்னது மட்டும் மாறவே இல்லை. “மா... செமாபோக்.” முன்னால் அந்த ‘மா’ எதற்கு?

குருபோங்கில் ஒரு ஃபேக்டரிக் காவலாளி. ஓராங் அஸ்லி கிராமத்தில் பிறந்தவர். பேச்சோடு பேச்சாக அவரிடம் அதைச் சொல்லிக் காட்டினேன். சிரித்துவிட்டார். மலாயில் அவர் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

“ஊர்ப்பேர் இல்ல, அண்ணே. ‘மாசெ மாபோக்’. கிழங்குல மயக்கம் இன்னும் இருக்குன்னு சொல்லியிருக்காங்க. ஆத்துத் தண்ணியில ஊறப்போடாம தின்னக்கூடாது.”

“அவங்களே ஊறவச்சுக் கொடுத்திருக்கலாமே?”

“அதுக்கு ஒரே எடத்துல இருக்கணும். கெளம்பிட்ட கூட்டம் எங்க உக்காரும்?”

மாசெ மாபோக். வேகமாகச் சொல்லிப் பாருங்கள்... காஜா பெராங்கிலிருந்து கிழக்கே கை நீட்டினால் செமாபோக் இருக்கிறது. அதற்கு முன்பே மலாக்கா ஆறு வந்துவிடும். அவள் கை காட்டியது ஆற்றைத்தான்.

ஆன்ட்டியிடம் இதைச் சொல்வதா வேண்டாமா? எழுபது வருடம் அவர் கட்டிக் காத்தது ஒரே ஒரு நம்பிக்கையை. தம்பியைக் கொன்றது அவர்கள். சேகர் வேண்டாம் என்றார். நான்கு மாதம் யோசித்தேன். சொன்னேன்.

“அவன் அவங்க ஆளு லா. அப்பிடித்தான் சொல்லுவான்.”

பிறகு தையல் மெஷின் மேல் கையை ஊன்றிக்கொண்டு ஆன்ட்டியே கேட்டார்.

“எத்தன நாளு ஊறணுமாம்?”

“மூணு நாளாவது வேணுமாம். ஓடுற தண்ணியில.”

“மூணு நாளா... முத்து பசின்னு அழுதுக்கிட்டே இருந்தான், தம்பி.”

பிறகு, நான் கேட்காமலேயே சொன்னார்.

“அடி வாங்குனவ வேற ஆளு. அப்பவே எனக்குத் தெரியும்.”

நோட்புக் என் பையில் இருந்தது. எடுக்கவில்லை. “இத எழுதலாமா, ஆன்ட்டி?” என்று மட்டும் கேட்டேன்.

“நான் போன பொறவு எழுது.”

நாளை காலை பத்து மணிக்கு வீட்டிலிருந்து எடுக்கிறார்கள். தெரிந்தவர்கள் வாருங்கள்.

போய் வாருங்கள், ஆன்ட்டி. எழுதிவிட்டேன்.