நானூறு இலைக் கல்யாணம்

கோபிசெட்டிபாளையத்தில் ரொம்ப வருசமாகக் கல்யாணங்களுக்கு வாழை இலை போடுகிறேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இதைக்கூட நான் சொல்ல மருமகள்தான் எழுதுகிறாள். போன வருசம் அவள் என் போனில் ஒரு ஏஐ ஏஜெண்டைப் போட்டுக் கொடுத்தாள். வாட்ஸ்அப்பில் யார் இலை கேட்டாலும் அதுவே பதில் சொல்லும், தேதி குறிக்கும், இலை அறுக்கிற ஆட்களுக்கும் டெம்போக்காரருக்கும் தகவல் அனுப்பும். நான் டீயைச் சூடாகக் குடிக்க ஆரம்பித்ததே அதற்கப்புறம்தான்.

எங்கள் பக்கம் ஒரு பழக்கம் உண்டு. கல்யாண வீட்டுக்காரர் எத்தனை இலை என்று முழுசாகச் சொல்லமாட்டார். பெரிய எண்ணைச் சொன்னால் கண்ணு பட்டுவிடும். எழுநூறு பேரை அழைத்துவிட்டு நானூறு என்பார். நானும் "ஆகட்டுமுங்க" என்றுவிட்டு, பத்திரிகை எத்தனை ஊருக்குப் போயிருக்கிறது, மாமன் மச்சான் எத்தனை பேர் என்று பேச்சோடு பேச்சாக விசாரித்து எழுநூறாக அனுப்புவேன். ஒருதரம் ஒருவர் இருநூறு என்றார். அவர் சம்சாரத்துடன் பிறந்தவர்களே ஒன்பது பேர். அந்த வீட்டுப் பாயசம் இன்னும் நாக்கில் நிற்கிறது. அது கிடக்கட்டும்.

ஏஜெண்டுக்கு இந்தப் பழக்கத்தை நான் சொல்லி வைக்கவில்லை. சொல்லவேண்டும் என்றே தோன்றவில்லை.

தை மாசத்து முகூர்த்தம் ஒன்றுக்கு விருந்தாளியாகப் போயிருந்தேன். இலையும் நம்முடையதுதான். இரண்டாம் பந்தியில் உட்காரப் போகையில் பெண்ணின் அப்பா வந்து கையைப் பிடித்தார்.

"ஏனுங்ண்ணா, இந்தப் பந்தியோட இலை தீருதுங்க. மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க இன்னும் உக்காரவே இல்லீங்க."

"எத்தன சொன்னீங்க?"

"நானூறுதானுங்க. நீங்க எப்பவும் சேத்திப் போட்டு உடுவீங்கல்ல?"

"நான் உடுவனுங்க. இப்ப ஆர்டர் எடுத்தது போனுங்க."

சம்பந்தி வீட்டார் வந்து உட்கார்ந்து வெறும் மேசையைப் பார்த்தால் அந்த மனுசன் தலை நிமிர முடியுமா? மருமகளுக்குப் போன் போட்டேன். அவள் வீட்டிலிருந்தே வாட்ஸ்அப்பில் ஏஜெண்டிடம் கேட்டுச் சொன்னாள்.

"மாமா, கோயில் அன்னதானத்துக்கு முந்நூறு இலை டெம்போவுல ஏத்தி நிக்குதுங்க. அவங்களுக்கு ஒரு மணிக்குத்தான் வேணுமாம். அதை அங்க திருப்பி உட்டுட்டு, கோயிலுக்கு நம்ம தோட்டத்துல அறுத்துக்கலாமுங்க."

"வாழைத்தார் போட்ட மரம் கண்ணு! இலையை எடுத்தா காய் தெரளாது."

"அறுக்கட்டுங்களா, வேண்டாங்களா?"

"அறு, அறு."

"வண்டி வர அரை மணி நேரம் ஆகும். சமாளிங்க மாமா."

பந்தியில் மூத்தவர் எழாமல் யாரும் எழமாட்டார்கள். அந்த வரிசையில் நான்தான் மூத்தவன். முதல் இலையில் போய் உட்கார்ந்தேன். சாம்பாருக்கு ஒரு கதை, ரசத்துக்கு இரண்டு கதை. வரிசை முழுக்கக் கை காய்ந்துபோய் என்னையே பார்த்தது.

பக்கத்து இலைக்காரர் பொறுக்கமாட்டாமல் கேட்டார். "ஏனுங் பெரீப்பா, மோரே மூணு தடவ வாங்கிட்டீங்களே?"

"பல்லு இல்லீங்க தம்பி."

"மோருக்கு என்னத்துக்குங்க பல்லு?"

பெண்ணின் அப்பா வாசலுக்கும் என் இலைக்குமாக நடந்துகொண்டிருந்தார். ஒவ்வொரு நடைக்கும் ஓர் அப்பளம் கொண்டுவந்து வைத்தார். ஐந்தாவது அப்பளத்தை நொறுக்கும்போது வாசலில் டெம்போ வந்து நின்றது. இலைக்கட்டு இறங்கியதை எட்டிப் பார்த்துவிட்டு, என் இலையை மடித்தேன். வரிசையே ஒரே மூச்சில் எழுந்தது.