ஃபீனேவைத் தாண்டிய தாள்

எழுதத் தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பத்தாவதோடு நின்றவன் நான். மோட்டார் காயில் கட்டுகிற கை இது. போன ஞாயிறு தங்கச்சி மகள் டேப்லெட்டைப் பார்த்து கீபோர்டு வாசித்தாள். பக்கம் தானாகத் திரும்பியது. என் வலது கை மடியிலிருந்து எழுந்துவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

முன்பெல்லாம் மொரப்பூர் பக்கம் எங்கள் மாதா கோயிலில் ஜெசிந்தா என்ற பெண் கீபோர்டு வாசிப்பாள். நான் பக்கத்தில் நின்று தாள் திருப்புவேன். கூட்டத்தைப் பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொள்கிற எனக்கு அதுதான் தோதான வேலை. ஃபேன் காற்றுக்குத் தாள் பறக்காமல் துணிக்கிளிப்பு போட்டிருப்போம். என் விரலில் காயில் கடையின் வார்னிஷ் வாசனை போகவே போகாது.

"எச்சி தொட்டுத் திருப்பாதீங்க. வார்னிஷ் போதாதுன்னு அது வேறயா?" என்பாள்.

நோட்ஸ் படிக்கத் தெரியாத எனக்கு இரண்டு சொற்கள் மட்டும் காட்டித் தந்தாள். மூன்றாம் தாளின் முடிவில் 'டா காப்போ' என்றிருக்கும். முதல் தாளுக்குத் திரும்ப வேண்டும். அப்படித் திரும்பி வரும்போது, இரண்டாம் தாளின் அடியில் 'ஃபீனே' என்றிருக்கும் இடத்தில் முடித்துவிட வேண்டும்.

"இத்தாலிக்காரங்க எழுதி வச்சதுங்க. மொதல்ல இருந்து வாசி, ஆனா நடுவுல நிறுத்திக்கங்கறாங்க."

"அப்ப மூணாவது தாளு?"

"அதான் ஒரு தடவ கேட்டாச்சில்ல, போதும்."

எனக்குப் போதவில்லை. அதை அவளிடம் சொன்னதில்லை.

பெங்களூர் மாப்பிள்ளை நிச்சயமாகி, அவள் கடைசியாக வாசித்த ஞாயிறு. நற்கருணை வாங்குகிற வரிசைக்கு அதே பாட்டு. 'போகாதீங்க' என்ற ஒரு சொல்லை ஒரு வாரமாக வாய்க்குள்ளேயே வைத்திருந்தேன். திரும்பி வந்தோம், ஃபீனே வந்தது. நிற்க வேண்டிய என் கை மூன்றாம் தாளைத் திருப்பிவிட்டது.

அவள் நிமிரவில்லை. விரல்களும் நிற்கவில்லை. மூன்றாம் தாளை முழுக்க வாசித்தாள். முதல் தாளுக்குத் திருப்பினேன், அதையும் வாசித்தாள். வரிசை எப்போதோ தீர்ந்து, சாமியார் உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி ஃபீனே வந்தபோது இடது கையைத் தாளின் மேல் வைத்துக்கொண்டாள்.

"போதுங்க," என்றாள், எனக்கு மட்டும் கேட்கும்படி.

இப்போது கோயிலில் பென்டிரைவில் பாட்டு போடுகிறார்கள். தாளும் இல்லை, கிளிப்பும் இல்லை. வரிசை தீர்ந்தால் பட்டனை அமுக்குகிறார்கள்.

அந்த ஞாயிற்றுக்கு மறுநாள் காலை அவள் வீட்டாரோடு ரயில் ஏறினாள். நான் கடையில் ஒரு கிணற்று மோட்டாருக்குக் காயில் கட்டினேன்.