சின்னக்கா பாட்டு, இரண்டு கட்டை இறக்கியது

என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும். கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷம் ஆகிறது. சண்டை வந்தால்கூட அவர் பக்கத்து நியாயத்தையும் நானேதான் பேசியாகவேண்டும். லிஃப்ட் மெக்கானிக். நடுமாடியில் லிஃப்ட் நின்றுபோய், உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் கத்தினால், வெளியிலிருந்து "இருங்க, வந்துட்டேன்" என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்வாராம். அதிலேயே அவர்கள் அடங்கிவிடுவார்களாம். எனக்கு அந்த ஒரு வாக்கியத்துக்கும் பஞ்சம்.

இந்த மனிதர்தான், விருந்துகளில் ஊர் ஆடிப் பாடுவதற்கென்று நாலாயிரம் பாட்டு சேர்த்துவைத்திருக்கிறார். நம்பமுடிகிறதா? நானே பாதி நாள் நம்புவதில்லை.

ஆரம்பித்துவைத்த புண்ணியவான் என் தம்பி. பதினோரு வருஷத்துக்கு முன்னால் இரண்டு ஸ்பீக்கர், இரண்டு மைக், ஒரு லேப்டாப் வாங்கிக்கொண்டு, பிறந்தநாள், பணி ஓய்வு என்று வீட்டு விருந்துகளுக்குக் கரோக்கி நடத்தக் கிளம்பினான். பாடகர் குரல் இல்லாத வெறும் இசை ஓடும், திரையில் வரிகள் ஓடும், விருந்துக்கு வந்தவர்கள் மைக்கைப் பிடித்துப் பாடவேண்டும். முதல் விருந்தில் ஆளாளுக்குச் சோகப் பாட்டாக எடுத்துப் பாட, சாப்பிட்டு முடித்தவர்கள் செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டார்கள். அடுத்த விருந்தில் ஆட்டப் பாட்டாகப் போட்டான். அது அதைவிட மோசம். ஆட்டப் பாட்டை உண்டாக்கினவர்கள் ஆடுகிறவர்களைத்தான் நினைத்திருப்பார்களே தவிர, பாடுகிற அப்பாவி எந்த இடத்தில் மூச்சு விடுவார் என்று யோசித்திருக்கமாட்டார்கள். பாட வந்தவர் இரண்டாவது சரணத்தில் மைக்கைப் பக்கத்திலிருந்தவர் கையில் திணித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்துவிட்டாராம்.

தம்பி எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து புலம்பித் தீர்த்தான். "பாடுறவங்களால ஆட முடியல, ஆடுறவங்களால பாட முடியல. நான் என்ன மாமா பண்றது?"

மாமா மறுநாள் வேலை முடிந்து வரும்போது தம்பியின் லேப்டாப்பை வாங்கிக்கொண்டு வந்து அதே மேஜையில் வைத்தார். அன்றைக்குப் போன மேஜை இன்றுவரை எனக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. மடியில் தட்டை வைத்துக்கொண்டுதான் சாப்பிடுகிறோம்.

முதலில் அவர் கைவைத்தது முன்னிசையில். பாட்டு தொடங்குவதற்கு முன் ஒரு நிமிஷம் வெறும் இசை ஓடினால், மைக்கும் கையுமாக நிற்கிறவர் திருதிருவென்று முழிப்பார் இல்லையா? அதை வெட்டி எட்டுத் தட்டோடு நிறுத்திவிட்டார். பிறகு வரிக்கும் வரிக்கும் நடுவில் தாளத்தை மட்டும் நாலு தட்டு எடுத்து ஒட்டினார். ஆடுகிறவர்கள் அந்த நாலு தட்டில் ஒரு சுற்று சுற்றிக்கொள்வார்கள், பாடுகிறவர் மூச்சு வாங்கிக்கொள்வார். ஒட்டுப்போட்ட இடம் யார் காதுக்கும் தெரியாது. கடைசியாகக் கட்டை. ஹார்மோனியத்தில் சுருதி சொல்வார்களே, அந்தக் கட்டைதான். பாட்டு மேலே ஏறிக்கொண்டே போனால் அரைக் கட்டை, ஒரு கட்டை என்று மொத்தமாக இறக்கிவைப்பார். தொண்டை பிழைத்துக்கொள்ளும்.

இதற்குப் பரீட்சை வேறு உண்டு. லிஃப்டை நிறுத்தி வேலை பார்க்கிற நாட்களில், காதில் பாட்டை மாட்டிக்கொண்டு முணுமுணுத்தபடியே படியேறுவார். நாலாவது மாடிவரைக்கும் மூச்சு தாங்கினால் பாட்டு தேறிவிட்டது. தாங்காவிட்டால் மறுபடியும் என் மேஜைக்கு வந்துவிடும்.

ஒவ்வொன்றுக்கும் பாட்டின் பெயரை மட்டும் போட்டால் போதாதோ? போதாதாம். பின்னாலேயே ஒரு குறிப்பு எழுதுவார். 'முட்டிவலிக்காரர்களும் ஆடலாம்.' 'வெட்கப்படுகிறவர்களுக்கு, மூன்று பேராக நிறுத்தவும்.' 'மைக்கைத் திருப்பித் தராதவர்களுக்கு, பாதியிலேயே முடியும்.' வாயில் வராத பேச்செல்லாம் அங்கேதான் குடியிருந்தது. இப்போது இந்த ஊரில் கரோக்கி நடத்துகிற ஏழெட்டுப் பேரும் அவரிடம்தான் பாட்டு வாங்கிப்போகிறார்கள். வீட்டுக்கு வந்து அவரைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடுவார்கள். இவர் அசட்டுச் சிரிப்பு சிரித்துவிட்டு லேப்டாப்புக்குள் தலையை விட்டுக்கொள்வார்.

இனி என் கதை. நான் சலவைக் கடையில் கவுன்டரில் நிற்பவள். வயது ஐம்பத்தேழு. தம்பிக்குச் சின்னக்கா. எனக்கென்று ஓர் ஆட்டப் பாட்டு உண்டு. பாவாடை கட்டிய வயதிலிருந்து எந்த விசேஷமானாலும் நான் அதைப் பாடுவேன், பெரியக்கா அதற்கு ஆடுவாள். நடுவில் ஒரு வரி மேலே ஏறும், ஏறி அங்கேயே நிற்கும். அந்த வரி இரண்டு தடவை வரும். பெரிய பெரிய ஆட்களெல்லாம் அங்கே கவிழ்ந்திருக்கிறார்கள். நான் ஒரு நாளும் கவிழ்ந்ததில்லை. "உடம்புக்குத்தான் வயசு, என் தொண்டைக்கு இன்னும் பதினெட்டுதான்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் அளந்துகொண்டு திரிந்தேன். நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.

போன வருஷம் அக்காவுக்கு இரண்டு முட்டியிலும் அறுவை சிகிச்சை ஆயிற்று. எட்டு மாதம் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அவளுடைய அறுபத்தைந்தாவது பிறந்தநாளுக்கு மூன்று வாரம் இருக்கும்போது, மெதுவாக ஆடலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றைக்கே எனக்குப் போன் செய்தாள். "நீ பாடினா ஆடுறேன்டி. வேற எவ பாடினாலும் நாற்காலிய விட்டு எந்திரிக்க மாட்டேன்."

"ஆட வைக்கிறேன் பாரு" என்றேன்.

அதற்குள் எங்கள் கடையில் துணி இஸ்திரி போடும் அண்ணன் ஓய்வு பெற்றார். மதியச் சாப்பாட்டோடு ஒரு விருந்து வைத்தோம். கரோக்கிக்கு என் தம்பிதான் வந்தான். புதிதாக ஏதோ வயர் வாங்கியிருந்தான், அதை எப்படி மாட்டினானோ தெரியவில்லை, பாட்டு வரிகள் மட்டும் வரவேண்டிய பெரிய திரையில் அவன் லேப்டாப்பே அப்படியே தெரிந்தது. அவன் அதைக் கவனிக்காமல் என் பாட்டைத் தேடினான். திரையில் நாலு வரி வந்து நின்றது.

'சின்னக்கா பாட்டு, அரைக் கட்டை இறக்கியது.'

'சின்னக்கா பாட்டு, ஒரு கட்டை இறக்கியது.'

'சின்னக்கா பாட்டு, ஒன்றரைக் கட்டை இறக்கியது.'

'சின்னக்கா பாட்டு, இரண்டு கட்டை இறக்கியது. ஏறும் வரியில் துணைக்குரல் சேர்த்தது. அவளிடம் சொல்லாதே.'

இஸ்திரி அண்ணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒன்றுவிடாமல் சத்தமாகப் படித்தார். படித்துவிட்டு, "யார்கிட்டம்மா சொல்லக்கூடாதாம்?" என்று என்னையே கேட்டார்.

தம்பி வயரைப் பிடுங்கினான். பிடுங்கி என்ன செய்ய? மானம் கப்பலேறியாயிற்று. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது எனக்கு. கையிலிருந்த மைக்கை மேஜைமேல் வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அவர் வந்ததும் வாசலிலேயே பிடித்துக்கொண்டேன். "எத்தனை வருஷமா நடக்குது இந்த நாடகம்?"

"ஒம்போது வருஷம்" என்றார்.

"எதுக்கு?"

செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். பிறகு, "ஒரு தடவை அந்த வரி பாடுறப்ப உனக்குக் கழுத்து நரம்பெல்லாம் புடைச்சிடுச்சு. பயந்துட்டேன். அரைக் கட்டை இறக்கினேன். நீ கண்டுபிடிக்கல. சந்தோஷமா பாடின" என்றார். முப்பத்திரண்டு வருஷத்தில் அவர் என்னிடம் ஒரு மூச்சில் பேசிய பெரிய பேச்சு அதுதான்.

"துணைக்குரல் எவளோடது?"

"என்னோடது. மூணு வருஷம் முன்னாடி."

"நீங்களா? நீங்க எப்ப பாடினீங்க? எங்க பாடினீங்க?"

"லிஃப்ட்ல. கதவ மூடிட்டா வெளிய கேக்காது." கொஞ்சம் பொறுத்து, "கேக்கறியா?" என்றார்.

"ஒண்ணும் வேணாம்" என்று கதவைச் சாத்திக்கொண்டேன்.

கோபத்தைவிட வெட்கம்தான் அதிகம், ஏன் மறைக்கவேண்டும்? ஊரெல்லாம் தொண்டையைப் பற்றி மார்தட்டிக்கொண்டேனே, அது பாதி அவர் போட்ட ஒட்டு. மறுநாள் கடையில், பின்னால் தொங்குகிற துணிகளுக்கு நடுவில் போய் நின்றுகொண்டு, சின்ன வயதில் பாடின அதே சுருதியில் அந்த வரியைப் பாடிப்பார்த்தேன். கிறீச்சென்று உடைந்தது. இரண்டாம் தடவை காற்றுதான் வந்தது. யாரோ ஒருவருடைய கோட்டுக் கையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே கொஞ்ச நேரம் நின்றேன்.

பத்து நாள் அவரோடு பேசவில்லை. வீட்டில் பேசுகிற ஆளே நான் ஒருத்திதான், அந்தப் பத்து நாள் வீடு எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே பாருங்கள். அக்கா போன் செய்தபோது, தொண்டை கட்டியிருக்கிறது, பாடமுடியாது என்றேன்.

"பிறந்தநாளுக்கு இன்னும் நாலு நாள் இருக்கே, இப்பவே கட்டிக்கிச்சா?"

"ஆமா."

"சரி, அப்ப நான் ஆடல" என்று வைத்துவிட்டாள். விளையாட்டாகச் சொல்லவில்லை. அவள் குரலைக் கேட்டால் எனக்குத் தெரியாதா?

ஞாயிற்றுக்கிழமை மதியம் அக்கா வீட்டுக் கூடத்தில் சோபாவையெல்லாம் சுவரோரம் தள்ளி இடம் பண்ணியிருந்தார்கள். தம்பி ஒவ்வொரு பாட்டாகப் போட்டான். பாடினார்கள், ஆடினார்கள். அக்கா மட்டும் முட்டிமேல் கையை வைத்துக்கொண்டு நாற்காலியிலேயே இருந்தாள். அவள் பிள்ளைகள் வந்து கையைப் பிடித்து இழுத்தார்கள், எழுந்திருக்கவில்லை. என்னைப் பார்த்தாள். நான் தண்ணீர் குடித்தேன். மறுபடியும் பார்த்தாள். எட்டு மாதம் சுவரைப் பிடித்து நடந்தவள், என் ஒருத்தியின் வீம்பினால் உட்கார்ந்திருக்கிறாள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

எழுந்துபோய்த் தம்பி பக்கத்தில் நின்றேன். "என் பாட்டைப் போடு."

அவன் முகம் வெளுத்தது. "எதக்கா?"

"நீயும் மாமாவும் ஒளிச்சு வெச்சீங்களே, அதத்தான். அந்தத் துணைக்குரல் தனியா இருக்கா? அத நல்லா ஏத்தி வை. எல்லாருக்கும் கேக்கணும்."

"மாமா திட்டுவாருக்கா."

"உங்க மாமா எப்படா யாரைத் திட்டியிருக்காரு? ஏத்துடா!"

என் எண்ணம் நல்ல எண்ணம் இல்லை. என் மானம் பெரிய திரையில் போயிற்றல்லவா, அவருடையதும் ஸ்பீக்கரில் போகட்டும் என்றுதான் நினைத்தேன். இவர் பிளக் பாயின்டைச் சரிபார்க்கிற சாக்கில் சுவரோரம் நின்றிருந்தார். நான் மைக்கை எடுத்தேன். "இது ரெண்டு கட்டை இறக்கின பாட்டு. எனக்கு வயசாயிடுச்சு, பழைய இடத்துல பாட முடியல. நடுவுல இன்னொருத்தர் பாடுவாரு, அது என் வீட்டுக்காரர்" என்றேன். இவர் தலை சட்டென்று நிமிர்ந்தது.

அக்கா நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்தாள். நான் பாடினேன். அவள் இடுப்பில் ஒரு கையை வைத்துக்கொண்டு, முட்டியை அதிகம் மடக்காமல், பாதத்தாலேயே தாளம் பிடித்து ஆடினாள். கூடம் கை தட்டியது. ஏறும் வரி வந்ததும், நினைத்தபடியே மைக்கை வாயிலிருந்து விலக்கிக்கொண்டேன்.

ஸ்பீக்கரிலிருந்து அவர் குரல் தனியாக வந்தது. அதுவரை நான் கேட்டிராத குரல். தூங்குகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நடப்பதுபோல, அத்தனை ஜாக்கிரதையாக ஏறிக்கொண்டு போனது. உச்சிக்குப் போனதும் உடைந்துவிட்டது.

கூடம் கொல்லென்று சிரித்தது. "ஸ்பீக்கர் கிழிஞ்சிடுச்சுப்பா!" என்று யாரோ கத்தினார்கள். அவர் தலை குனிந்து பிளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார், காது சிவந்துபோயிருந்தது.

எனக்கு வந்ததே கோபம்! சிரிக்கிறார்களா? எதற்குச் சிரிக்கிறார்கள்? எனக்காகக் கதவைச் சாத்திக்கொண்டு பாடின மனிதரைப் பார்த்தா? அந்த வரி இரண்டாம் தடவை வந்தது. மைக்கை வாயோடு சேர்த்துப் பிடித்து, அவர் உடைகிற இடத்துக்கு முன்னாலேயே ஏறிப் பிடித்துக்கொண்டேன். கழுத்து நரம்பு புடைத்ததோ என்னவோ, கவலைப்படவில்லை. சிரித்த வாய் ஒவ்வொன்றாக மூடுகிறவரைக்கும் இறங்கவேயில்லை. அவர் உடைந்தது ஒருவர் காதிலும் விழவில்லை. அக்கா இரண்டு கையையும் தூக்கி ஒரு முழுச் சுற்று சுற்றினாள்.

பாட்டு முடிந்து அவளைப் பிடித்து உட்காரவைத்துக்கொண்டிருக்கும்போது, இவர் சுவரை விட்டு என்னிடம் வந்தார்.

"இன்னும் அரைக் கட்டை இறக்கணும்" என்றார்.

சுர்ரென்று ஏறியது எனக்கு. "இவ்வளவு பாடியும் எனக்கு இறக்கணுமா?"

"உனக்கில்ல, எனக்கு" என்றார்.

மைக்கை இன்னும் அணைக்கவில்லை. நான் அழுதது கூடம் முழுக்கக் கேட்டது.