காய்ச்சலைக் காய்ச்சல் என்று சொல்ல விடாதவர்கள்

கோயமுத்தூரில் சித்திரை வெயில் கொளுத்திக்கொண்டிருந்தபோது என் கணவர் கம்பளி கேட்டார். மின்விசிறியை நிறுத்தச் சொன்னார். கட்டில் ஆடும் அளவுக்கு உடம்பு நடுங்கியது. ஆப்பிரிக்காவில் சாம்பியா நாட்டுக்கு மிஷனரி ஊழியத்துக்காகப் போய்விட்டு அவர் ஊர் திரும்பிய இரண்டாவது வாரம் அது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி.

நெற்றியில் கை வைத்தேன். சுட்டது. "காச்சல் அடிக்குதுங்களே" என்றேன்.

"சுகமா இருக்கேன், ஸ்தோத்திரம்" என்றார். பற்கள் அடித்துக்கொண்டதில் அந்தச் சொற்கள் துண்டு துண்டாக வந்தன.

இதைப் படிக்கும் உங்களுக்கு இது வேடிக்கையாக இருக்கலாம். விளக்கிவிடுகிறேன். அவர் எங்கள் சபையின் போதகர். எங்கள் சபையில் நோயை நோய் என்று வாயால் சொல்லக் கூடாது. சொன்னால் அதற்கு இடம் கொடுத்ததாகிவிடும். கடவுள் ஏற்கெனவே சுகம் தந்துவிட்டார், அதை வாய் அறிக்கையிட்டால் உடம்பு பின்னாலேயே வந்து சேர்ந்துவிடும் என்பது போதனை. மூக்கு ஒழுகிக்கொண்டிருப்பவரிடம் சளியா என்று கேட்டால், "புடிக்கப் பாக்குதுங்க, நான் உடமாட்டேன்" என்பார். வெறும் சளியாக இருக்கும்வரை நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

எங்கள் சபையிலிருந்து கடல் கடந்து போன முதல் ஊழியர் அவர். வழியனுப்ப ரயில் நிலையத்துக்கு மூன்று வேன்களில் ஆட்கள் வந்தார்கள். ஏற்பாடு முழுவதும் மூப்பர் தேவசகாயத்துடையது. மோட்டார் பம்பு செய்யும் பட்டறை வைத்திருப்பவர், சபையில் அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. "எங்க பாஸ்டர் ஃபாரின்ல பிரசங்கம் பண்றவருங்க" என்று துணிக்கடையில் நின்றுகூடச் சொல்வார். அடுத்த வருடம் ஒரு குழுவையே சாம்பியாவுக்கு அனுப்ப அப்போதே பேச்சு நடந்துகொண்டிருந்தது.

அங்கே இவரைத் தங்கவைத்திருந்த உள்ளூர்ப் போதகர் விவரமான மனிதர். மலேரியா வராமலிருக்க வாராவாரம் விழுங்கும் மாத்திரையைக் கையில் கொடுத்து, ஊருக்குப் போன பிறகும் சில வாரங்கள் விடாமல் சாப்பிட வேண்டும் என்று சொல்லித்தான் அனுப்பியிருக்கிறார். இவர் விட்டுவிட்டார். திரும்பி வந்த ஞாயிற்றுக்கிழமையே, கொசுக்கடியிலிருந்தும் கொள்ளைநோயிலிருந்தும் கர்த்தர் காத்தார் என்று மேடையில் சாட்சி சொல்லியாகிவிட்டது. அதற்குப் பிறகு வீட்டில் உட்கார்ந்து மாத்திரை விழுங்குவது அவருக்குக் கூச்சமாக இருந்திருக்கிறது.

காய்ச்சல் விட்டு விட்டு வந்தது. விட்டபோதெல்லாம் சுகம் என்றார்கள், வந்தபோதெல்லாம் சோதனை என்றார்கள். வீட்டில் உபவாச ஜெபம் வைத்தார்கள். வந்தவர்களுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தே எனக்குக் கை ஓய்ந்தது. நோயாளிக்கு ஒரு வாய் கஞ்சி ஊட்ட நேரம் கிடைக்கவில்லை. டாக்டரிடம் போகலாம் என்று நான் பிடித்த பிடியில்தான் மூப்பர் கடைசியில் காரை எடுத்தார்.

ஆர்.எஸ்.புரத்தில் ஒரு கிளினிக். "அம்மணி, நீங்க வெளிய உக்காருங்க, நாங்க பாத்துக்கறோம்" என்று மூப்பர் என்னை நிறுத்திவிட்டு அவரை உள்ளே கூட்டிப்போனார். நான் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். நாற்பது பிள்ளைகளை அடக்கத் தெரிந்தவள், கட்டிய கணவரின் காய்ச்சலைப் பற்றிப் பேச மட்டும் தகுதியில்லாதவள். உள்ளே நடந்ததைப் பிற்பாடு என் கணவரே சொன்னார்.

"காய்ச்சல் எத்தனை நாளா?" என்று கேட்டிருக்கிறார் டாக்டர்.

"காச்சல் இல்லீங்க. சுகமா இருக்கேன்."

"அப்புறம் எதுக்கு வந்தீங்க?"

"கொஞ்சம் அசதிங்க டாக்டர்" என்று மூப்பர் முந்திக்கொண்டார். "ஊழியத்துக்குப் போயி அலஞ்சுபோட்டு வந்தாருங்க."

ஊழியம் என்றால் அவிநாசிப் பக்கமோ ஈரோட்டுப் பக்கமோ என்று அந்த டாக்டர் நினைத்திருப்பார். ஆப்பிரிக்கா என்ற ஒரு சொல் அந்த அறையில் யார் வாயிலிருந்தும் வரவில்லை. மிஷனரி நோயோடு திரும்பினார் என்று வெளியே தெரிந்தால் அடுத்த குழுவுக்கு யார் பெயர் கொடுப்பார்கள்? மூப்பருக்கு அந்தக் கவலை. டாக்டர் டைஃபாய்டாக இருக்கலாம் என்று மாத்திரை எழுதி அனுப்பினார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். மறைத்ததை அவர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

அதன் பிறகு கண் மஞ்சளாயிற்று. சிறுநீர் பால் விடாத டீயின் நிறத்தில் போனது, பிறகு அதுவும் குறைந்தது. ஒரு காலை என்னைப் பார்த்து, "நீங்க யாருங்க?" என்றார். சற்று நேரத்தில் நினைவு திரும்பி என் கையைப் பிடித்துக்கொண்டு, "குளிருது எஸ்தர். செத்துப்போயிருவனாட்ட இருக்குது" என்று அழுதார்.

மூப்பர் பக்கத்தில்தான் நின்றிருந்தார். "அது பாஸ்டர் பேசறதில்லீங்க அம்மணி. சாத்தான் பேசறான்" என்றார்.

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "இத்தன நாளா பொய் பேசுனது வேணும்னா சாத்தானா இருக்கட்டுங்க. இப்பத்தான் என்ற ஊட்டுக்காரரு பேசறாரு. வழி உடுங்க" என்றேன். தெருமுனை ஸ்டாண்டிலிருந்து டாக்சியை நானே கூட்டி வந்தேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு பெண் மருத்துவர் பார்த்தார். அவர் கேட்பதற்கு முன்னால் நான் சொன்ன முதல் வார்த்தை சாம்பியா. உடனே ரத்தத் தடவல் பரிசோதனைக்கு (ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடிச் சில்லில் தடவி நுண்ணோக்கியில் பார்ப்பது) அனுப்பினார். ஃபால்சிபாரம் மலேரியா (மூளை, சிறுநீரகம்வரை தாக்கும் கொடிய வகை) என்று மதியத்துக்குள் தெரிந்துவிட்டது. சிறுநீரகம் இரண்டும் வேலையை நிறுத்தியிருந்தன.

"ஏம்மா, ஆப்பிரிக்கா போனதை முன்னாடியே யாரும் சொல்லலையா?"

"சொல்லக் கூடாதுன்னு வெச்சிருக்கறாங்க டாக்டர்" என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் நான் கூசிப்போனேன். பொழைப்பாரா என்று கேட்டேன். "இன்னும் ரெண்டு நாள் தாமதிச்சிருந்தா இந்தக் கேள்விக்கே இடமில்லைம்மா. இப்ப போராடிப் பார்க்கலாம்" என்றார்.

குயினைன் மருந்தைச் சொட்டுச் சொட்டாக நரம்பில் ஏற்றினார்கள். டயாலிசிஸ் (சிறுநீரகம் செய்யவேண்டிய வடிகட்டும் வேலையை இயந்திரம் செய்வது) ஆரம்பித்தார்கள். மலேரியாக் கிருமி சிவப்பணுக்களை உடைத்துத் தள்ளியதில் ரத்தம் வேகமாகக் குறைந்தது. ரத்தம் ஏற்றியாக வேண்டும். அவருடையது லேசில் கிடைக்காத நெகட்டிவ் வகை. என்னுடையது சேரவில்லை. சபை வாலிபர்களுக்குச் சொல்லி அனுப்பினேன். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எல்லோரும் வந்து ரத்தம் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள்.

ஞாயிறு மதியம் தாண்டியும் ஒருவரும் வரவில்லை. ஆஸ்பத்திரி டெலிபோனில், எங்கள் சபைக்கு வரும் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டபோது விஷயம் தெரிந்தது. காலை ஆராதனையில் மூப்பர் எழுந்து, பாஸ்டர் பூரண சுகம் பெற்றார் என்று அறிவித்திருக்கிறார். சபையே கை தட்டிப் பாடியிருக்கிறது. சுகம் பெற்றவருக்கு ரத்தம் எதற்கு? வாலிபர்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

உயிருக்குப் போராடும் ஒரு மனிதரை ஒலிபெருக்கியில் குணப்படுத்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கடவுளை நம்புகிறவர்கள் செய்த காரியமா இது? கடவுளுக்கே நேரம் கொடுக்காதவர்கள் செய்த காரியம்.

ஆட்டோ பிடித்து மாலை ஆராதனைக்குப் போனேன். கலைந்த தலையோடு, ஆஸ்பத்திரி வாடையோடு நடுவழியில் நடந்து போய், பாட்டுக் குழுவில் முன்னால் நின்ற ரோஸ்லினிடமிருந்து மைக்கை வாங்கினேன்.

"ஏனுங்க, எல்லாரும் கேட்டுக்குங்க. பாஸ்டருக்குச் சொகமாகலீங்க. அவருக்கு மலேரியாக் காச்சலுங்க. ரெண்டு கிட்னியும் நின்னுபோச்சுங்க. ரத்தம் இல்லாட்டி இன்னைக்கே போயிருவாருங்க. ஜெபம் பண்றவங்க வண்டில வந்துக்கிட்டே பண்ணுங்க."

"பாஸ்டரம்மா, இது அவிசுவாசம்" என்று முன்வரிசையிலிருந்து மூப்பர் எழுந்தார்.

"இருக்கட்டுங்க. உங்க விசுவாசத்துல ஒரு பாட்டில் ரத்தம் வருமுங்களா?"

ரோஸ்லின் செருப்பை மாட்டிக்கொண்டு, "வாரனுங்க அக்கா" என்றாள். அவளுக்குப் பின்னால் வாலிபர்கள் மொபெட்டுகளைக் கிளப்பினார்கள். பரிசோதித்ததில் ரோஸ்லினுடைய ரத்தமும் இன்னொரு விசுவாசியுடைய ரத்தமும் சேர்ந்தன.

அவர் பிழைத்தார். ஆனால் பிழைப்பது வேறு, குணமாவது வேறு. இயந்திரம் நின்று சிறுநீரகம் தானாக வேலை தொடங்கியபோது, சிறுநீர்ப் பையில் மஞ்சள் நிறத்தைப் பார்த்து நர்ஸும் நானும் கட்டிப்பிடித்துக்கொண்டோம். வீட்டுக்கு வந்த பிறகும் கழிப்பறைவரை நடக்கச் சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. குயினைனால் காதில் ஓயாத இரைச்சல். நாள் செல்லச் செல்லச் சரியாகிவிடும் என்றார்கள். அவருக்கு ஓரளவுதான் சரியாயிற்று. அரை இட்லி தின்றுவிட்டுக் களைத்துத் தூங்குவார். பிரசங்கத்தில் இரண்டு மணி நேரம் குதித்துப் பேசிய மனிதர்.

அந்த நிலையில் மூப்பர் ஒரு நோட்டீசோடு வந்தார். சாவிலிருந்து எழுந்த போதகரின் சாட்சிக் கூட்டம் என்று பெரிய எழுத்தில் அடித்து ஊர் ஊராக ஒட்டியும் ஆகிவிட்டது. "ஆஸ்பத்திரி சமாச்சாரமெல்லாம் வேண்டாமுங்க பாஸ்டர். கர்த்தர் தொட்டாருன்னு சொல்லுங்க, போதும்" என்றார். என் கணவர் தலையை ஆட்டினார். சரி என்கிறாரா, காது கேட்கவில்லையா என்று எனக்குத் தெரியவில்லை. அன்றைக்கு நான் அவரோடு பேசவில்லை.

கூட்டத்தன்று மண்டபம் நிரம்பி வழிந்தது. அவரை நாற்காலியில் உட்கார வைத்திருந்தோம். கூட்டம் தொடங்குமுன் அந்தியூரிலிருந்து பஸ் ஏறி வந்திருந்த ஒரு பெண் மேடைக்குக் கீழே வந்து நின்றாள். நோட்டீஸ் பார்த்து வந்திருக்கிறாள். அவளுடைய கணவருக்குக் காசநோய். மாதக் கணக்கில் மாத்திரை சாப்பிட்டு வருகிறாராம்.

"நீங்க மருந்தில்லாம சொகமானீங்களாமா. அவரோட மாத்திரைய இன்னைக்கே நிறுத்திப்போடலாமுங்களா சாமி?" என்று கேட்டாள்.

அவருக்குக் காதில் விழவில்லை. குனிந்து, இன்னொரு முறை சொல்லச் சொன்னார். அவள் உரக்கச் சொன்னாள். மண்டபம் முழுவதும் கேட்டது. மூப்பர் எழுந்து பாட்டை ஆரம்பிக்கச் சைகை காட்டினார். என் கணவர் மைக்கை எடுத்துக்கொண்டார்.

"நிறுத்தாதீங்க தாயி" என்றார். "நான் மருந்துலதான் பொழச்சேன். ரோஸ்லின் ரத்தத்துல பொழச்சேன். காச்சலை மறைச்சதாலதான் சாகக் கெடந்தேன். ஜெபம் பண்ணுங்க. மாத்திரையும் குடுங்க. டாக்டர் சொல்ற வரைக்கும் ஒரு வேளை தப்பாதீங்க."

அவ்வளவுதான் அவர் சாட்சி. இரண்டு நிமிடம்கூட இராது. மூப்பரும் பாதிச் சபையும் பிரிந்துபோய் வேறு மண்டபம் பிடித்தார்கள். அங்கே இன்றைக்கும் யாருக்கும் காய்ச்சல் வருவதில்லை என்று கேள்வி.

வெளிநாடு போய்வந்த யாருக்காவது காய்ச்சல் வந்தால், டாக்டரிடம் முதல் வார்த்தையாக அந்த நாட்டின் பெயரைச் சொல்லுங்கள். கூட வருகிறவர் எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் அவரை வெளியே உட்கார வையுங்கள். இதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

எனக்குக் கோபம் ஆறவில்லை. மன்னித்துவிடு என்கிறார் என் கணவர். அவருடைய உடம்பு, அவர் மன்னிக்கலாம். அந்த ஞாயிறு மதியம் ரத்த வங்கி வாசலில் ஆளில்லாமல் நின்றது நான்.

இப்போது யாராவது எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் அவர் சட்டென்று பதில் சொல்வதில்லை. கேட்டவர் சங்கடப்பட்டு அடுத்த பேச்சுக்குப் போகப் பார்ப்பார். அவர் விடமாட்டார். முழங்காலை ஒரு முறை நீட்டி மடக்குவார், காதில் இரைச்சல் எவ்வளவு என்று கவனிப்பார், மூச்சை இழுத்துப் பார்ப்பார். உடம்பிடம் கேட்டுக்கொண்டுதான் வாயைத் திறப்பார். அதற்கு ஆகும் நேரத்தில் நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறேன்.